மருத்துவச் செலவு: பில் எவ்வளவு என்பதைவிட, பணம் எங்கிருந்து வந்தது?

வீட்டுச் செலவுகளில் மருத்துவச் செலவு ஒரு தனி ரகம். எப்போது வரும் என்று தெரியாது. எவ்வளவு ஆகும் என்றும் தெரியாது. வந்துவிட்டால் 'அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடவும் முடியாது. என்ன வாங்குவது என்பதைக்கூட நாம் முடிவு செய்வதில்லை. மருத்துவர் எழுதித் தருகிறார், நாம் கட்டுகிறோம். ஆப்பரேஷன் தியேட்டருக்கு வெளியே நிற்கும் யாரும் பேரம் பேசும் நிலையில் இருப்பதில்லை.

இதோடு இன்னொரு அடியும் சேர்ந்தே விழுகிறது. மற்ற செலவுகள் பணத்தை மட்டும் கேட்கும். நோய், சம்பாதிக்கிற ஆளையே கட்டிலில் போட்டுவிடும். படுத்தவர் சம்பாதிக்காதவராக இருந்தாலும், கூட இருந்து பார்த்துக்கொள்ள வேறொருவர் லீவு போட வேண்டும். தினக்கூலிக்காரர் என்றால் லீவு என்பதே வருமான இழப்புதான். அப்புறம் போக்குவரத்து, வெளியூரில் தங்குவது, வெளிச்சாப்பாடு. இவை எந்த ஆஸ்பத்திரி பில்லிலும் வராது. ஆக, பணம் அதிகம் தேவைப்படுகிற மாதமும் பணம் குறைவாக வருகிற மாதமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

அப்படியும் குடும்பங்கள் எப்படியோ சமாளிக்கின்றன. அந்த 'எப்படியோ'வுக்குள் என்ன இருக்கிறது என்று பொருளாதார ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகத் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். அதிலிருந்து ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதானால் நான் இதைத்தான் எடுப்பேன்: ஒரே தொகையுள்ள பில் ஒரு வீட்டை லேசாக ஆட்டிவிட்டுப் போகும், இன்னொரு வீட்டைச் சாய்த்துவிடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம், பணம் எந்த வழியாக வந்தது என்பது.

பணம் புரட்டும் வரிசை

பெரும்பாலான வீடுகளில் இதற்கு ஒரு வரிசை உண்டு. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு வகுத்ததில்லை. முதலில் கையிருப்பு, பிறகு சேமிப்பு. அது போதாதபோது அண்ணன், தங்கை, மைத்துனர், கூட வேலை பார்ப்பவர் என்று கைமாற்று. அதற்கும் மேல் போனால் எதையாவது அடகு வைப்பது, விற்பது. கடைசியில் வட்டிக் கடன். அவசரம் எந்த அளவு என்பதைப் பொறுத்து இந்த வரிசை மாறும். இரவு பதினோரு மணிக்கு முன்பணம் கட்டச் சொன்னால், எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அதைத்தான் தட்ட முடியும்.

எத்தனை பேர் இந்த வரிசையின் பின்பகுதிவரை போகிறார்கள்? குறைந்த, நடுத்தர வருமானமுள்ள 40 நாடுகளின் தரவை வைத்து 2009-இல் வெளியான ஆய்வு ஒன்றில், சுமார் நாலில் ஒரு குடும்பம் சிகிச்சைக்காகக் கடன் வாங்கியிருந்தது, அல்லது எதையாவது விற்றிருந்தது. 15 ஆப்பிரிக்க நாடுகளை எடுத்துக்கொண்ட 2008 ஆய்வில் இந்த விகிதம் ஜாம்பியாவில் 23%, புர்கினா ஃபாஸோவில் 68%. பெரும்பாலான நாடுகளில், வெளிநோயாளியாகப் போய் வந்தவர்களைவிட ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களின் வீடுகள்தான் இந்த நிலைக்கு அதிகம் தள்ளப்பட்டிருந்தன.

கைமாற்று பற்றி ஒரு வார்த்தை. வட்டி இல்லாத பணம் என்பதால் அதுதான் ஆகச் சிறந்த வழி போலத் தோன்றும். பல நேரம் அது உண்மையும்கூட. ஆனால் நம் சொந்தபந்தங்களும் பெரும்பாலும் நம்மைப் போன்ற வருமானக்காரர்கள்தான். சின்னத் தொகையை நாலு பேர் சேர்ந்து தாங்கலாம். பெரிய தொகைக்கு அந்த நாலு பேரும் போதாது. இந்தோனேசியக் குடும்பங்களை வைத்து பால் கெர்ட்லர், ஜோனதன் க்ரூபர் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. உடல் இயக்கத்தைப் பாதிக்காத நோய் என்றால் அதன் பொருளாதாரச் சுமையைக் குடும்பங்கள் முழுதாகவே ஈடுகட்டிவிடுகின்றன. ஓரளவு முடக்குகிற நோய் என்றால் 71%. கடுமையாக முடக்கிப்போடும் நோய் என்றால் வெறும் 38%. உறவும் நட்பும் எந்தச் சமயத்தில் அதிகம் தேவையோ, அந்தச் சமயத்தில்தான் அவற்றின் கை எட்டாமல் போகிறது. இதில் உறவினர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இந்த வரிசையில் வெளியே தெரியாத ஒரு வழியும் இருக்கிறது: மற்ற செலவுகளைக் குறைப்பது. துணிமணி, பயணம் என்று தொடங்கி, பிள்ளைகளின் படிப்பு, தட்டில் விழும் அளவு என்று அது இறங்கிக்கொண்டே போகும். இதில் ஆபத்தானது, ஒருவர் சிகிச்சைக்காக இன்னொருவர் சிகிச்சையைக் குறைத்துக்கொள்வது. அப்பாவுக்கு ஆப்பரேஷன் நடந்த வீட்டில், அம்மா தன் பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட ஆரம்பிப்பார். முப்பது நாளைக்கு வாங்கிய மாத்திரை அறுபது நாள் வரும். யாரிடமும் சொல்லமாட்டார். கணக்குப் பார்த்தால் அந்த வீட்டில் மருந்துச் செலவு 'குறைந்திருக்கும்'.

ஒரே பில், மூன்று வீடுகள்

இப்போது ஒரு சின்னக் கணக்கு. எந்த நாட்டு நாணயமாகவும் இருக்கட்டும். மூன்று வீடுகளுக்கும் மாத வருமானம் 100. அத்தியாவசியச் செலவு 90 போக, மிஞ்சுவது 10. சேமிப்பு 100. மூன்று வீட்டிலும் ஒரே மாதிரி ஆப்பரேஷன், பில் 300. சேமிப்பைக் கொட்டிய பிறகும் இன்னும் 200 வேண்டும்.

முதல் வீட்டுக்கு அந்த 200 ஒரு சொந்தக்காரரிடமிருந்து வட்டியில்லாமல் கிடைக்கிறது. மாதம் 10 வீதம் 20 மாதத்தில் அடைந்துவிடும். நெருக்கடிதான், ஆனால் முடிவு தெரிகிற நெருக்கடி.

இரண்டாவது வீடு மாதம் நூற்றுக்கு 3 வட்டிக்கு வாங்குகிறது. முதல் மாத வட்டி 6. மிஞ்சும் 10-இல் 6 வட்டிக்கே போய்விடுவதால் அசலில் கழிவது 4 மட்டும். இப்படியே போனால் கடன் தீர 31 மாதம் ஆகும். சரி, பரவாயில்லை என்று தோன்றலாம். அதே வட்டி நூற்றுக்கு 5 என்றிருந்தால்? 200-க்கு மாத வட்டி 10. கையில் மிஞ்சுவதும் அதே 10. அசல் 200 அப்படியே நிற்கும், எத்தனை வருஷம் கட்டினாலும். நடுவில் ஒரு காய்ச்சல் வந்து ஒரு மாதம் தவணை தவறினால் கடன் வளரவும் தொடங்கிவிடும். 3-க்கும் 5-க்கும் பேச்சில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒன்று தீரும், மற்றது தீராது. வட்டிக்கு வாங்கும் முன் இந்த ஒரு பெருக்கலை மட்டும் போட்டுப் பாருங்கள்: மாத வட்டியும், மாதம் உண்மையிலேயே மிஞ்சுகிற தொகையும். முதலாவது இரண்டாவதைத் தொட்டாலே அந்தக் கடன் தீராது என்று அர்த்தம்.

மூன்றாவது வீடு கடனே வேண்டாம் என்று முடிவெடுக்கிறது. வீட்டில் இருக்கும் தையல் மெஷினை விற்கிறார்கள். 200 கிடைக்கிறது, பில் அடைகிறது. கௌரவமான முடிவாகத்தான் தெரியும். ஆனால் அந்த 100 வருமானத்தில் 30 அந்த மெஷின் வழியாக வந்ததாக இருந்தால், இனிமேல் வருமானம் 70, செலவு 90. ஒவ்வொரு மாதமும் 20 துண்டு விழும். கடனைத் தவிர்க்க நினைத்த வீடு கொஞ்ச நாளில் சாப்பாட்டுக்கே கடன் வாங்கும். போதாததற்கு, அவசரத்தில் விற்கிறவருக்கு நியாயமான விலையும் கிடைக்காது. வாங்க வருபவருக்கு அந்த அவசரம் தெரிந்தே இருக்கும்.

சும்மா கிடக்கும் பொருளை விற்பதும் சம்பாதித்துக் கொடுக்கும் பொருளை விற்பதும் ஒன்றல்ல. பெட்டியில் இருக்கும் நகை போனால் மனசு வலிக்கும், மாத வருமானம் குறையாது. வண்டி, கருவி, கால்நடை, நிலம் போனால் அடுத்த மாத வருமானமும் கூடவே போகும். பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வேலைக்கு அனுப்புவதும் இந்த இரண்டாவது வகைதான். அதன் நஷ்டம் தெரியப் பத்து வருஷம் ஆகும், அவ்வளவுதான்.

அளந்து பார்க்கிறவர்கள் எப்படி அளக்கிறார்கள்

உலக அளவில் இதை அளக்கச் சில எல்லைக்கோடுகள் வைத்திருக்கிறார்கள். ஒரு குடும்பம் தன் மொத்த வருமானத்தில் அல்லது மொத்தச் செலவில் 10%-க்கு மேல் சொந்தப் பணத்திலிருந்து மருத்துவத்துக்குக் கொடுத்தால், அது தாங்க முடியாத செலவு என்று கணக்கில் வரும். 25% என்பது இன்னும் கடுமையான கோடு. இவை இரண்டும் ஐக்கிய நாடுகள் சபையின் நீடித்த வளர்ச்சி இலக்குகளுக்கான அளவுகோல்களில் 2025 வரை இடம்பெற்றிருந்தவை. இன்னொரு முறையில், அடிப்படைச் சாப்பாட்டுச் செலவை முதலில் கழித்துவிட்டு, மீதியில் 40%-ஐத் தொட்டால் எச்சரிக்கை மணி. ஏழை வீட்டுக்கு இந்த மூன்றாவது அளவுகோல்தான் நியாயமானது என்பது என் எண்ணம். வருமானத்தில் பெரும்பகுதி சாப்பாட்டுக்கே போகும் வீட்டில் 10% என்பதும் வசதியான வீட்டில் 10% என்பதும் எப்படி ஒன்றாகும்?

உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் 2023-இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையின்படி, 2019-இல் சுமார் 200 கோடிப் பேர் மருத்துவச் செலவால் பணக் கஷ்டத்துக்கு ஆளானார்கள். 10% கோட்டைத் தாண்டியவர்கள், அந்தச் செலவால் வறுமைக்குள் போனவர்கள், ஏற்கெனவே ஏழைகளாக இருந்து இன்னும் ஆழமாகத் தள்ளப்பட்டவர்கள் எல்லோரும் இதில் அடக்கம்.

இப்போது நம் மூன்று வீடுகளை இந்த அளவுகோல்களில் நிறுத்திப் பாருங்கள். ஆண்டு வருமானம் 1200, பில் 300. மூன்றுக்கும் 25%. மாதச் சாப்பாட்டுச் செலவு 40 என்றால் அது போக ஆண்டுக்கு 720 மிஞ்சும். அதில் 300 என்பது 40%-க்குக் கொஞ்சம் மேலே. அதுவும் மூன்றுக்கும் ஒன்றே. முதல் வீடு இருபது மாதத்தில் எழுந்துவிடும், மூன்றாவது வீடு எழவே எழாது. ஆனால் புள்ளிவிவரத்தில் மூன்றும் அண்ணன் தம்பிகள்.

இந்தக் குறையை ஆய்வாளர்களே சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். இந்தியத் தரவை வைத்து 2008-இல் வெளியான ஓர் ஆய்வு, கிராமப்புற வீடுகளில் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சையின் செலவில் முக்கால் பங்குவரை கடன், சேமிப்பு, விற்பனை, உறவினர் உதவி போன்ற வழிகளில்தான் வந்தது என்று கண்டது. அதாவது அந்த மாதம் வீட்டுச் சாப்பாடு அவ்வளவாகக் குறையவில்லை. அடி விழுந்தது வரப்போகும் மாதங்களின் மேல்.

இன்னும் மோசமான ஓட்டை ஒன்றும் இருக்கிறது. நாலாவதாக ஒரு வீடு. பில் 300 ஆகும் என்று கேட்டதுமே நோயாளியைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் செலவு 0. எந்தக் கோட்டையும் தாண்டவில்லை. அளவுகோலைப் பொறுத்தவரை ஒரு பாதிப்பும் இல்லாத குடும்பம் அது. சிகிச்சையே எடுக்காமல் விட்டவர்களை இந்த அளவுகோல்களால் பார்க்க முடியாது. அதனால் 'எங்கள் ஊரில் மருத்துவச் செலவால் பாதிக்கப்பட்டவர்கள் குறைவு' என்று எங்காவது படித்தால், அங்கே எத்தனை பேர் சிகிச்சைக்கே போகவில்லை என்ற கேள்வியையும் கூடவே கேளுங்கள்.

காசநோய்க்கு மட்டும் உலக சுகாதார நிறுவனம் வேறு மாதிரி கணக்குப் போடுகிறது. பில்லோடு பயணம், உணவு, இழந்த கூலி எல்லாவற்றையும் கூட்டி, அது ஆண்டு வருமானத்தில் 20%-ஐத் தாண்டுகிறதா என்று பார்க்கிறார்கள். பல நாடுகளில் காசநோய்க்கு மருந்து இலவசம். அப்படியிருந்தும், நாடுகளில் நடத்திய கணக்கெடுப்புகளைச் சேர்த்துப் பார்த்தால், ஏறக்குறைய பாதிக் குடும்பங்கள் அந்தக் கோட்டைத் தாண்டுகின்றன. மருந்து இலவசமாகக் கிடைத்தாலே செலவுப் பிரச்சினை முடிந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல பதில்.

திடீர் நோயும் தீராத நோயும்

ஆப்பரேஷன் மாதிரியான செலவு ஒரே அலையாக வந்து போகும். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, மனநோய் போன்றவை மாதாமாதம் வரும் வாடகை மாதிரி. ஒவ்வொரு தடவையும் தொகை சின்னதுதான். ஆனால் அதற்கென்று நகையை விற்க முடியாது, யாரிடமும் ஒவ்வொரு மாதமும் கை நீட்டவும் முடியாது. திடீர் செலவுக்குக் கை கொடுக்கும் சொந்தக்காரர், ஐந்தாவது மாதம் போனை எடுக்கத் தயங்குவார். அதனால் தீராத நோயில் குடும்பங்கள் பெரும்பாலும் இறங்குவது அந்த வெளியே தெரியாத வழியில்தான்: மாத்திரையைக் குறைப்பது, பரிசோதனையைத் தள்ளிப்போடுவது. அது மிச்சம் பிடிப்பது போலத் தெரிந்தாலும், கட்டுப்படாத சர்க்கரை ஒருநாள் பெரிய பில்லாகத்தான் திரும்பி வரும்.

என்ன செய்யலாம்

இந்தச் சுமையைத் தனிக் குடும்பத்தின் சாமர்த்தியத்தால் மட்டும் தீர்த்துவிட முடியாது. ஆனால் சில இடங்களில் இழப்பைக் குறைக்கலாம்.

அவசரம் இல்லாத சிகிச்சை என்றால் மொத்தம் எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள்: அறை, மருந்து, ஸ்கேன், மருத்துவர் கட்டணம், திரும்ப வர வேண்டிய தடவைகள் எல்லாம் சேர்த்து. 'இதை ஒரு மாதம் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?' என்று மருத்துவரிடமே கேட்கலாம். தள்ளிப்போடலாம் என்று அவரே சொன்னால், அந்த ஒரு மாதம் வட்டியில்லாத பணம் தேடக் கிடைத்த நேரம். தள்ளக் கூடாது என்றால் அதையும் தெரிந்துகொள்வது நல்லது. அதே மூல மருந்துப்பொருள் உள்ள, பிராண்டு பெயர் இல்லாத விலை குறைந்த ஜெனரிக் மருந்து இருக்கிறதா என்றும் கேளுங்கள். பணம் கஷ்டம் என்று டாக்டரிடம் சொல்ல நம்மில் பலருக்குக் கூச்சம். ஆனால் சொல்லாமல் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டால், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அவர் இன்னும் விலை கூடிய மருந்தை எழுதிவிட வாய்ப்புண்டு.

பெரிய ஆஸ்பத்திரிகள் பலவற்றில் சமூகப் பணியாளர் ஒருவர் இருப்பார். அரசு உதவி, அறக்கட்டளை உதவி, கட்டணச் சலுகை, தவணை எல்லாம் அவருக்குத் தெரியும். டிஸ்சார்ஜ் அன்றைக்குத் தேடாமல், சேர்த்த மறுநாளே போய்ப் பாருங்கள். விண்ணப்பங்களுக்கு நேரம் பிடிக்கும். சில உதவிகள் பணம் கட்டிய பிறகு கிடைப்பதில்லை.

சேமிப்பு விஷயத்தில் நம்பிக்கை தரும் ஆய்வு ஒன்று உண்டு. கென்யாவில் பாஸ்கலின் டூபாஸ், ஜோனதன் ராபின்சன் இருவரும் சிலருக்குப் பூட்டும் சாவியுமாக ஒரு சாதாரணப் பெட்டியைக் கொடுத்தார்கள். 2013-இல் வெளியான முடிவுகளின்படி, பணம் வைக்க அப்படிப் பத்திரமான ஓர் இடம் இருந்ததே மருத்துவத்துக்கான சேமிப்பை 66% கூட்டியது. 'இது மருத்துவத்துக்கு மட்டும்' என்று கட்டிப்போடுவது எல்லோருக்கும் உதவவில்லை. திடீர் அவசரத்துக்காகச் சேர்ப்பவர்களுக்கும், கையில் காசு இருந்தால் உறவினர்கள் அடிக்கடி வந்து கேட்டு வாங்கிப்போகும் நிலையில் இருப்பவர்களுக்கும் அது உதவியது. பின்னவர்கள் யார் என்று எந்தக் குடும்பத்திலும் எல்லோருக்கும் தெரியும்.

எதையாவது விற்கத்தான் வேண்டும் என்றால், வருமானம் தராத பொருளிலிருந்து தொடங்குங்கள். வருமானம் தரும் பொருளை விற்பதைவிட, அதைக் கையில் வைத்துக்கொண்டே குறைந்த வட்டிக்குக் கடன் வாங்குவது பல நேரம் மேல். மேலே போட்ட கணக்கை உங்கள் எண்களை வைத்து ஒருமுறை போட்டுப் பார்த்தால் எது மேல் என்று தெரிந்துவிடும். இதை ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றுகொண்டு போட முடியாது. வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கும்போதே 'அவசரம் என்றால் முதலில் எது, கடைசியில் எது' என்று பேசி வைத்துக்கொள்ளலாம். அபசகுனம் என்று யாராவது முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.

கடைசியாக, இன்சூரன்ஸ். நோய் வரும் முன்பே எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வைத்து, வந்தவருக்கு அதிலிருந்து கொடுப்பது என்பதுதான் இதன் அடிப்படை. வரிப்பணத்தில் அரசு நடத்தினாலும் தனியார் நிறுவனம் நடத்தினாலும் அடிப்படை இதேதான். உறவினர் வட்டத்தால் தாங்க முடியாத பெரிய தொகையை ஒரு பெரிய கூட்டம் தாங்குகிறது. ஆனால் அதில் எது அடங்கும் என்பதைப் பார்க்க வேண்டும். பல திட்டங்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் பணம் தரும். வெளியே வாங்கும் மாத்திரைக்குத் தராது. உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பிய நாடுகளில் நடத்திய ஆய்வுகளிலோ, ஏழைக் குடும்பங்களைத் தாங்க முடியாத செலவுக்குள் தள்ளுவதில் வெளிநோயாளியாக வாங்கும் மருந்துகளுக்கே பெரிய பங்கு இருந்தது. ஆகவே பாலிசித் தாளைக் கையில் எடுத்ததும் மொத்தக் காப்புத் தொகையைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், இந்த நாலையும் தேடுங்கள்: மாத மருந்துகள் அடங்குமா, ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், பில்லில் நாம் கட்ட வேண்டிய பங்கு எவ்வளவு, பணத்தை ஆஸ்பத்திரிக்கே நேரடியாகக் கொடுப்பார்களா, இல்லை நாம் முதலில் கட்டிவிட்டு க்ளெய்ம் போட வேண்டுமா. கடைசிக் கேள்விக்குப் பதில் 'முதலில் கட்டிவிட்டு' என்றால், இன்சூரன்ஸ் இருந்தும் அந்த இரவில் யாரிடம் கைமாற்று வாங்குவது என்பதை இப்போதே யோசித்து வைத்திருக்க வேண்டும்.